ஆமா, அடிக்கறதில்ல

செழியன் ஒய்2கே கம்ப்யூட்டர் வேலைக்கென்று அமெரிக்காவில் உள்ள காப்பெலுக்குக் குடும்பத்தைக் கூட்டி வந்து ஐந்து மாதம் ஆகிறது. இதுவரை யாரும் வந்து அழுத்தாத அழைப்பு மணி, அவன் ஆபீஸ் போயிருந்த நேரம் பார்த்து அடித்தது. மனைவி வான்மதி கதவைத் திறந்தால், கழுத்தில் அட்டை தொங்க ஒரு வெள்ளைக்கார அம்மாள். குழந்தைகள் நலத் துறையாம்.

வான்மதியின் நாலு வயது மகள் ரோஷினிக்கும் இங்கிலீஷ் வராது. “மிஸ் என்ன கேட்டாலும் யெஸ்னு சொல்லு கண்ணு, நோன்னா கோவிச்சுக்குவாங்க” என்று தினமும் சொல்லித்தான் ஸ்கூலுக்கு அனுப்புவாள். நேற்று அங்கே ஈர உடுப்பை மாற்றியபோது முதுகுக்குக் கீழே நீலமாக எதையோ பார்த்திருக்கிறார்கள். பிறந்ததிலிருந்தே இருக்கிற மச்சம் அது.

“ஹவ் டிட் ஷீ கெட் த ப்ரூஸ்?”

ப்ரூஸ் என்றால் கன்றிப்போன காயம் என்று வான்மதிக்கு யார் சொன்னார்கள்? ரோஷினி வகுப்பில் ப்ரூஸ் என்று ஒரு பையன் உண்டு. அவனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தமோ! “ஐ டோண்ட் நோ” என்றாள். அந்த அம்மாள் எழுதிக்கொண்டாள். செழியனுக்குப் போன் போட்டால் வாய்ஸ்மெயில்தான் எடுத்தது.

“யூ டோண்ட் ஹிட் ஹர்?”

அப்பாடா, இது புரிந்தது. நீ அவளை அடிக்கறதில்லதானே என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? ஆமா, அடிக்கறதில்ல என்போம்.

“யெஸ், யெஸ்!” என்று தலையையும் பலமாக ஆட்டினாள்.

அந்த அம்மாளின் முகம் மாறியது. “யெஸ்? யூ ஹிட் ஹர்?”

“நோ, நோ!”

“ஸோ, யூ டோண்ட்?”

“யெஸ்!”

இல்லை என்பதற்கு ஆமாம் போட்டால் இங்கிலீஷில் தலைகீழாகிவிடும் என்று ஒரு வாத்தியாராவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ் என்று உயிரை வாங்கினார்களே, பாவிகள்! வான்மதிக்கு அழுகை முட்டியது. அழுதால் அதையும் தப்பாக எழுதிவிடுவாளோ என்று விழுங்கிக்கொண்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது?

அந்த அம்மாள் ரோஷினியின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

“அம்மா அடிக்கவே மாட்டேன்னு சொல்லு கண்ணு!” என்றாள் வான்மதி.

பேசக் கூடாது என்று அந்த அம்மாள் கை காட்டினாள். பிறகு குழந்தையிடம் இதமாகக் கேட்டாள்: “டஸ் மம்மி ஹிட் யூ, ஹனி?”

ரோஷினிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது தெரியும்.

“யெஸ்” என்றாள், கணீரென்று. சரியாகச் சொல்லிவிட்ட சந்தோஷத்தில் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.