இரண்டு மார்க் கேள்வி

அருள்புரம் பனியன் கம்பெனியில் அன்று மதியம் மெஷின்கள் நின்றன. கரண்ட் போகவில்லை, பரீட்சை. சூப்பர்வைசர் வேலை ஒன்று காலியாக இருந்தது. செக்கிங் மேஜைகளில் குவிந்திருந்த பனியன்களை ஒதுக்கிவிட்டு இருபத்தாறு பேர் எழுதினார்கள்.

மெஷின் வாங்கச் சீனாவுக்குப் போய்வந்ததிலிருந்து முதலாளி மகுடேஸ்வரனுக்குக் கன்பூசியஸ் பைத்தியம். தாடி வைத்த அந்த மனிதரின் படத்தைக் கேட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தார். தினமும் பத்து நிமிடம் தொழிலாளர்களுக்கு அதைப் பற்றி வகுப்பு வேறு; பரீட்சைக் கேள்விகளும் அதிலிருந்துதான்.

"அங்கெல்லாம் அந்தக் காலத்துலயே பரீட்சை எழுதித்தானுங்க அதிகாரி ஆவோணும். குடியானவன் மகன் மந்திரி ஆயிருக்கான். நம்ம கம்பெனியிலயும் இனி அப்படித்தான்."

ஒன்பது வருடமாகப் பனியனில் ஓட்டையும் கறையும் தேடிக்கொண்டிருந்த மெஹ்ஜபின் அதை அப்படியே நம்பினாள். முதல் மார்க்கும் வாங்கினாள். அவள் பேப்பரை மகுடேஸ்வரனே அந்தப் படத்துக்குக் கீழே ஒட்டினார். வருகிற திங்கட்கிழமை முதல் அவள் சூப்பர்வைசர்.

சனிக்கிழமை அவளுடைய அத்தா அப்துல்லா குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு உடைந்தது. செவ்வாய்க்கிழமை கோயம்புத்தூரில் ஆபரேஷன். அவருக்கு இவள் ஒரே பிள்ளை. முதலாளியிடம் போய் நின்றாள்.

"ஷிப்மென்ட் நிக்குது கண்ணு. இப்பப் போயி லீவா?"

"நாலே நாளுங்க. அப்பன் செத்தா அந்த அதிகாரிங்க ரெண்டேகால் வருசம் ஊட்டுல இருப்பாங்கன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. எங்கத்தா உசுரோட இருக்காருங்க. நாலு நாள் போதுமுங்க."

மகுடேஸ்வரன் சிரித்துவிட்டார்.

"அது கவர்மென்ட்டு. இது கம்பெனி. போறதுன்னா உன் இஷ்டம்."

அவள் போனாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அத்தாவை வீட்டுக்குக் கூட்டிவந்து, பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குக் கம்பெனிக்கு வந்தாள். வாட்ச்மேன் சீனிச்சாமி கேட்டைத் திறக்கவில்லை. முகத்தைப் பார்க்கவும் அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"சொல்லாம நின்னுட்டீன்னு எழுதிட்டாங்க கண்ணு. ரெண்டாவது மார்க்கு வாங்குன புள்ளைய சூப்பர்வைசர் போட்டுட்டாங்க."

"பழையபடி செக்கிங்காச்சும்?"

"பேரையே அடிச்சிட்டாங்க."

அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே, படத்துக்குக் கீழே அவள் பேப்பரை இன்னும் யாரும் கிழிக்கவில்லை. பதினோராவது கேள்வி, தகப்பன் இறந்தால் அதிகாரி என்ன செய்வார் என்பது. 'வீட்டுக்குப் போய்விடுவார். துக்கம் முடிந்ததும் அரசு அவரைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளும்' என்று குண்டு குண்டாக எழுதியிருந்தாள். மகுடேஸ்வரன் அதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, இரண்டுக்கு இரண்டு போட்டு, பக்கத்தில் 'சபாஷ்' என்று எழுதியிருந்தார்.