துடுப்பு நடந்த முப்பத்தோராயிரம் அடி

எங்கள் பல்மீரா ஊரில் கையில் கோப்போடு யார் வந்தாலும் டாக்டர்தான். நான் படித்தது கணினி. எனக்குத் தெரிந்த மருத்துவம் தலைவலி மாத்திரையோடு முடிகிறது. ஆனாலும் இரண்டு வருடமாக இருநூற்றுப் பன்னிரண்டு பேருடைய இதயத்துக்கு நான்தான் காவல். அவர்கள் கைப்பட்டை கட்டிக்கொண்டு நடப்பார்கள்; அடிக்கணக்கும் துடிப்பும் கைபேசி வழியாக என் மேசைக்கு வரும். துடிப்பு தாறுமாறானால் செவிலியருக்குச் செய்தி போகும். உலகமே இந்தத் திசையில்தான் போகிறது என்று ஆய்வறிக்கையின் முதல் வரியில் எழுதினேன். அந்த ஒரு வரிக்காக முந்நூறு கட்டுரை படித்தேன், முழுதாக இரண்டு.

டிசம்பரில் நூற்றுப் பதினேழாம் எண், டோன்யா எதெல்வினா, எழுபத்தோரு வயது, ஒரே நாளில் முப்பத்தோராயிரம் அடி நடந்திருந்தார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளும். இருபத்தையாயிரத்தைத் தாண்டினால் பட்டை பழுது, அந்த நாளையே துடிப்போடு சேர்த்துத் தூக்கியெறி என்று ஒரு விதி உண்டு. விதியை எழுதியவன் நான். அதற்குக் கைதட்டல்கூட வாங்கினேன்.

"போய்ப் பட்டைய மாத்திட்டு வாப்பா, நெஸ்தோர். அந்தம்மா என் வரைபடத்தையே கெடுக்குது" என்றார் என் ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியை.

போனேன். டோன்யா எங்கும் நடக்கவில்லை. கொல்லையில் விறகடுப்பு, அதன்மேல் செப்புக் கொப்பரை. முக்காலியில் உட்கார்ந்தபடி நீளத் துடுப்பால் பாலையும் சர்க்கரையையும் கிண்டிக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸுக்குத் தெருவுக்கே பால் இனிப்பு இவர் வீட்டிலிருந்துதான் போகும். கை அசைந்தால் நடை என்று நம்புகிற பட்டைக்கு அது எப்படித் தெரியும்!

"டாக்டரே, வாங்க! பட்டை என்ன சொல்லுது?"

"தினம் இருபது கிலோமீட்டர் நடக்கிறீங்களாம்."

"அதான் இப்படி மூச்சு வாங்குதா!" என்று சிரித்தார்.

மகள் யாமிலெத் சிரிக்கவில்லை. "மூணு நாளா இப்படித்தான், டாக்டர். ஆஸ்பத்திரிக்கு வான்னா, பட்டை இருக்கு, ஏதாவதுன்னா அவங்களே கூப்பிடுவாங்கன்னு உக்காந்திருக்கு."

நாங்கள் கூப்பிடவில்லை. அந்த மூன்று நாளையும்தான் நான் தூக்கியெறிந்துவிட்டேனே.

பட்டையைக் கழற்ற அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். இந்த ஆய்வில் நான் தொட்ட முதல் மணிக்கட்டு. நாடி இரண்டு முறை துள்ளி, நின்று, ஏதோ நினைவு வந்ததுபோல் மறுபடி அடித்தது. இது புரியக் கணினி எதற்கு?

"கிளம்புங்க டோன்யா, இப்பவே."

"கிண்டறத நிறுத்தினா அடிப்பிடிச்சிடும், டாக்டரே. அப்புறம் பாக்கலாம்."

"நான் கிண்டறேன்."

"முட்டையாவது பொரிச்சிருக்கீங்களா?"

"இல்ல. நான் டாக்டரும் இல்ல. கணக்குப் பாக்குறவன். உங்க மூணு நாள் கணக்க அழிச்சதும் நான்தான். அதான் யாரும் கூப்பிடல."

அவர் துடுப்பை நீட்டினார்.

"ஒரே பக்கமா கிண்டு, தம்பி."

மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து யாமிலெத் கூப்பிட்டாள். இதயம் தாளம் தப்பியிருந்ததாம். ஊசி போட்டிருக்கிறார்கள், இப்போது அடங்கிவிட்டதாம். "அம்மா பேசணுமாம்" என்று கைபேசியைக் கொடுத்தாள்.

"கொப்பரையோட அடி தெரியுதா, தம்பி?"

"தெரியுது, டோன்யா."

"என்ன நிறம்?"

இதையும் அழித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

"கறுப்பு."

திட்ட ஆரம்பித்தார். என் கையை, என் படிப்பை, என்னைப் பெற்றவளை. ஓரிடத்தில்கூட மூச்சு வாங்கவில்லை. கைபேசியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, ஒரு சொல்கூட விடாமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.