ஓடப்போகும் கணினி எது

மாலை வகுப்பில் நானும் ஒட்டடையும் சேர்ந்து ஒரு வருகைப்பதிவு மென்பொருள் எழுதுகிறோம். ஆள் ஒட்டடைக்குச்சி உயரம். வகுப்பே அப்படித்தான் கூப்பிடும். நிரல் எழுதுவது நான். அதை இயங்கும் கோப்பாக மாற்றித் தருவது அவன். வீட்டிலிருக்கும் என் பழைய கணினி அந்த வேலையைத் தாங்காது.

மாற்றுவதற்கு முன் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரல் ஓடும். எந்தக் கணினியில் தயாரிக்கிறோம் என்பதை அதுவே துழாவிக் கண்டுபிடித்துவிடும். எந்தக் கணினியில் ஓடப்போகிறது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டும் ஒன்றே என்று எடுத்துக்கொள்ளும். என் கணினியின் சிப் வேறு வகை. அந்த வகைப்பெயர் சரக்கு ரயில்போல நீளும். ஒட்டடை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைத் தட்டுவான், ஒருமுறைகூடப் பிசகாமல். அதை மட்டும் வைத்துக்கொண்டு நான் மனக்கோட்டை கட்டியிருந்தேன். அவனிடம் கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

நேற்று அவன் தந்த கோப்பு என் கணினியில் ஓடவில்லை. தப்பு என்மேல்தான் இருக்கும் என்று பென்டிரைவைக் கழற்றி மாட்டினேன், மறுபடி நகலெடுத்தேன், அனுமதிகளைச் சரிபார்த்தேன். கடைசியில்தான் கோப்பு எந்த வகைச் சிப்புக்கானது என்று பார்த்தேன். அவன் கணினியின் வகை.

இன்று வகுப்புக்குப் போனபோது, புதிதாகச் சேர்ந்த பெண்ணின் மடிக்கணினிமேல் குனிந்திருந்தான்.

"டேய், நம்ம புரோகிராம் ஓடலடா."

"ஓடுதே! இவ லேப்டாப்லகூட ஜம்முனு ஓடுது."

"என்னோடதுல ஓடல. வகை சொல்லாம விட்டுட்டியா?"

நாக்கைக் கடித்துக்கொண்டான். "அட ஆமா! நீ இன்னும் அந்த டப்பாவைத் தலைமுழுகலையா? இரு, ரெண்டே நிமிஷம்." விசைப்பலகையில் கை வைத்தவன் நிமிர்ந்தான். "உன்னோடது என்ன வகை?"

சொன்னேன். நடுவில் ஓர் எழுத்தை விட்டான், திருத்தினேன்.

"யப்பா! இதைப்போய் எப்படித்தான் மனப்பாடமா வெச்சிருக்கியோ!"

அவள் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

வீட்டில் புதுக் கோப்பு ஒரே தட்டலில் ஓடியது. அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, மறுபடி மக்கர் பண்ணுதா?"

"இல்லக்கா, ஓடுது."

"அப்புறம் எதுக்குடி அழற?"

திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். அதில் ஒரு பிழையும் இல்லை.