முயலின் ஆன்டிபாடியும் அண்ணியின் கையும்

அவளுக்கு வீட்டிலும் வேலையிடத்திலும் மூக்கி என்றுதான் பெயர். மூக்கு பெரிது என்பதால் வந்த பெயரல்ல. பக்கத்து வீட்டில் பால் திரிந்தால் இவள் தன் வீட்டில் முகம் சுளிப்பாள். பேருந்தில் நாலு பேர் தள்ளி நிற்கிறவரின் தலையெண்ணெய் வாடை கூட்டத்தை விலக்கிக்கொண்டு இவளைத்தான் தேடி வரும். அப்படிப்பட்டவள் போய்ச் சேர்ந்த வேலையைப் பாருங்கள், கிருமி வளர்க்கிற ஆய்வகம். காலையில் கிருமியைச் சூட்டில் வளர்க்கிற இன்குபேட்டரின் கதவைத் திறந்தால் போதும், பழைய காலுறையை இறைச்சிச் சாற்றில் ஊறவைத்தது போல ஒரு நாற்றம் முகத்தில் அறையும். மூச்சைப் பிடித்துக்கொண்டே பட்டம் வாங்கிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

உணவில் ஒரு கிருமி கக்கி வைக்கிற நச்சைக் கண்டுபிடிப்பதுதான் ஆராய்ச்சி. நச்சைக் கண்ணால் பார்க்க முடியாது, முகர்ந்தும் பார்க்க முடியாது. மூக்கியின் மூக்கே தோற்கிற இடம் அது. அதனால் முயலைப் பிடித்தார்கள். வீரியத்தை அடக்கிய நச்சை முயலுக்கு ஊசியில் ஏற்றினால், அதன் ரத்தம் அந்த நச்சைப் பிடிப்பதற்கென்றே ஆன்டிபாடியைத் தயாரிக்கும். அதைப் பிரித்தெடுத்து, சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் பூசிவைத்து, சோதிக்க வேண்டிய சாற்றை விட வேண்டும். நச்சு இருந்தால் குழி மஞ்சளாகும். இல்லாவிட்டால் தண்ணீராகவே நிற்கும்.

பேராசிரியருக்கு ஒரு யோசனை வந்தது. சமைக்கிறவர்களின் கையிலிருந்து நச்சு உணவுக்குப் போகிறதா என்று பார்க்கலாம், நம் வளாகத்து கேன்டீனிலேயே ஆரம்பிக்கலாம் என்றார். அந்தக் கேன்டீனில் முட்டை சாண்ட்விச் செய்கிறவள் மூக்கியின் அண்ணி. கணவனின் அக்கா, அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவள். கை சுத்தத்தில் கர்வம் பிடித்தவள் என்றே சொல்ல வேண்டும். "என் கையால சாப்பிட்டு எவனாவது வயித்தைப் பிடிச்சிருக்கானா?" என்று அடிக்கொரு தரம் கேட்பாள். யாரும் பிடித்ததில்லை.

மூக்கிதான் அண்ணியின் விரல்களில் பஞ்சுக் குச்சியைத் தேய்த்து எடுத்தாள். கிருமியை வளர்த்து, அந்தச் சாற்றைத் தட்டில் விட்டாள். சாண்ட்விச்சில் இருந்த கிருமிக்கும் அப்படியே செய்தாள். இரண்டு குழிகளும் பளிச்சென்று மஞ்சளாயின.

அறிக்கை கேன்டீன் மேலாளருக்குப் போனது. அண்ணியின் ஏப்ரனைக் கழற்றி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"நச்சா? என் கையிலயா?" என்றாள் அண்ணி, வாசற்படியிலேயே நின்றுகொண்டு. "யாராவது வாந்தி எடுத்தாங்களா மூக்கி? ஒருத்தராவது?"

"எடுக்கணும்னு இல்ல அண்ணி. டெஸ்ட்ல வந்திருக்கு."

அன்றிலிருந்து மூக்கிக்கு அண்ணியைக் கண்டாலே உடம்பு கூசியது. அந்தக் கை தொட்ட டம்ளர், அந்தக் கை திறந்த தண்ணீர்க் குழாய், அந்தக் கை மடித்து வைத்த துண்டு என்று எதைப் பார்த்தாலும் மஞ்சள் குழிதான் கண்ணில் நின்றது. மகளை அத்தையின் மடியிலிருந்து பிடித்து இழுத்தாள். சமையலறைப் பக்கமே வர வேண்டாம் என்று வாய் கூசாமல் சொன்னாள். படித்தவர்கள் அருவருப்பை அருவருப்பு என்று சொல்ல மாட்டார்கள், பாதுகாப்பு என்பார்கள். "அக்காவை இப்படி நடத்தாதே" என்று கணவன் முணுமுணுத்தான். ஆனால் அவனும் தன் டம்ளரைத் தானே கழுவிக்கொள்ள ஆரம்பித்திருந்தான்.

அண்ணி சண்டை போடவில்லை. அதுதான் ஆச்சரியம். ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் திருப்பிக் கொடுக்கிறவள், வாயை மூடிக்கொண்டு கை கழுவினாள். சோப்பு கரையக் கரைய, விரலிடுக்கு வெடிக்க வெடிக்கக் கழுவினாள். வெடித்த தோலைப் பார்க்க மூக்கிக்கு இன்னும் குமட்டியது.

ஒரு நாள் மூக்கிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தனக்கும் ஒட்டியிருக்குமோ? கழிப்பறையில் போய்த் தன் மூக்குக்குள்ளேயே பஞ்சுக் குச்சியை விட்டுச் சுழற்றினாள். அந்தக் கிருமி மூக்கில்தான் குடியிருக்க விரும்பும். வளர்த்தாள், சாற்றைத் தட்டில் விட்டாள். மறுபடியும் மஞ்சள். அண்ணியின் குழியை விட அழுத்தமான மஞ்சள்.

முதலில் வந்தது கோபம்தான், அண்ணிதான் ஒட்டவைத்துவிட்டாள் என்று. திட்டுவதற்கு ஆதாரம் வேண்டுமே என்று, அந்தக் கிருமியில் நச்சைச் செய்கிற மரபணு இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. அண்ணியிடம் எடுத்த கிருமியில் பார்த்தாள். அதிலும் இல்லை. மரபணுவே இல்லாத கிருமி நச்சு செய்ய முடியாது. அப்படியானால் தட்டில் மஞ்சளானது எது?

ஃப்ரீசரின் அடியில் ஒரு புட்டி கிடந்தது. எந்த ஊசியும் போடாத, சும்மா புல் தின்றுகொண்டிருந்த ஒரு முயலின் ஆன்டிபாடி. அதற்கு நச்சைப் பிடிக்கத் தெரியாது. சோதனை சரிதானா என்று பார்க்க ஒவ்வொரு தட்டிலும் அதையும் பூசிப் பார்த்திருக்க வேண்டும். "அதுக்கு ரெண்டு வரிசை குழி வீணாகுதும்மா, சாம்பிளைப் போடு" என்று பேராசிரியர் அப்போது சொன்னார், மூக்கியும் சாம்பிளைப் போட்டாள். இப்போது அந்தப் புட்டியைத் திறந்து பூசினாள். கிருமிச் சாற்றை விட்டாள். அதுவும் மஞ்சளானது, அதே மஞ்சள்.

விஷயம் இவ்வளவுதான். அந்தக் கிருமியின் தோலில் ஒரு புரதம் உண்டு. எந்த முயல் ஆன்டிபாடியைக் கண்டாலும், நச்சைப் பிடிக்கிற முனையை விட்டுவிட்டு அதன் வால் முனையைப் பிடித்துக்கொள்ளும். இது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது, மூக்கியே பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். ஆன்டிபாடி நச்சைப் பிடிக்கவில்லை. கிருமிதான் ஆன்டிபாடியைப் பிடித்திருக்கிறது. அந்தக் கிருமியோ ஊரில் எத்தனையோ பேர் மூக்கிலும் கையிலும் யாருக்கும் தொந்தரவில்லாமல் வாழ்ந்துகொண்டிருப்பது. கடைசியாக, கோழியின் ஆன்டிபாடியை வாங்கிப் பூசிப் பார்த்தாள். அதன் வாலை இந்தப் புரதத்தால் பிடிக்க முடியாது. அசல் நச்சை விட்ட குழி மட்டும் மஞ்சளானது. அண்ணியின் கை, சாண்ட்விச், மூக்கியின் மூக்கு எல்லாம் தண்ணீராகவே நின்றன.

தட்டைத் தூக்கிக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனாள். அவர் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். மீசையில் மஞ்சள் கரு. முழுவதையும் கேட்டார், மென்றுகொண்டே கேட்டார்.

"சரி. அடுத்த தடவையிலேர்ந்து கோழியை வச்சுப் பண்ணிக்கலாம்."

"கேன்டீன்ல சொல்லணும் சார். அவங்க கையில நச்சு இல்ல."

"கிருமி இருந்துச்சுல்ல?"

"என் மூக்குலயும் இருக்கு சார். உங்க மூக்குலயும் இருக்கலாம்."

அவர் சிரித்தார். பல்லிடுக்கில் வெள்ளைக் கரு தெரிந்தது. "அடுத்த மாசம் மாநாட்டுல இதைத்தான் பேசப் போறேன். இப்பப் போய் தப்புன்னு சொன்னா நம்மளை யாரும்மா நம்புவாங்க? அந்தம்மாவுக்கு வேற இடத்துல வேலை கிடைக்காதா என்ன?" என்றார். சொல்லிவிட்டு விரலை ஒவ்வொன்றாகச் சப்பினார். சப்பிய விரலால் மூக்கின் ஓரத்தைச் சொறிந்தார். அதே விரலால் சோதனைத் தட்டை அவள் பக்கம் தள்ளினார்.

இத்தனை நாள் இன்குபேட்டர் முன்னால் அடக்கிவைத்த குமட்டலெல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தது. காறித் துப்பலாம் போலிருந்தது. துப்பவில்லை. நேராகக் கேன்டீன் மேலாளரிடம் போய், சோதனை தப்பு, செய்தவள் நான்தான் என்று நின்றுகொண்டே சொன்னாள். பட்டம் என்ன ஆகும் என்று யோசித்தால் பாதியிலேயே திரும்பிவிடுவோம் என்பதால் யோசிக்கவில்லை. மேலாளர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "என்னம்மா நீங்க, விளையாடுறீங்களா?" என்றார். திங்கட்கிழமையிலிருந்து அண்ணியை வரச் சொன்னார்.

வீட்டுக்கு ஓடினாள். அண்ணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மூக்கி அவள் காலடியில் உட்கார்ந்து, முயல், கோழி, வால் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். "உங்க கை சுத்தம் அண்ணி. தப்பு எங்க மேல. என்னை மன்னிச்சிருங்க."

அண்ணி தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏதோ சொல்றே. எனக்கு எங்க புரியுது," என்றாள். பிறகு, "சாப்பிட்டியா?" என்றாள்.

பல நாளுக்குப் பிறகு அண்ணி சமையலறைக்குள் போனாள். முட்டை வேகிற சத்தம் கேட்டது. மூக்கிக்கு அழுகை வந்தது, நிம்மதியாகவும் இருந்தது. அண்ணி தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

மூக்கி ஒரு வாய் கடித்தாள். நல்ல முட்டை, நல்ல ரொட்டி, மிளகு அளவாக இருந்தது. மூளைக்கு எல்லாம் தெரியும். ஆனால் வெடித்த அந்த விரல்கள் ரொட்டியை அழுத்தியிருக்கும் என்ற நினைப்பு எங்கிருந்தோ வந்து நின்றது. விழுங்கப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது. முடியவில்லை. எழுந்து ஓடிப் போய்த் தொட்டியில் குனிந்தாள். உள்ளே போனது அத்தனையும் வெளியே வந்தது.

குழாயைத் திறந்துவிட்டு, திரும்ப முகமில்லாமல் நின்றாள். பாழாய்ப் போன உடம்பு, பாழாய்ப் போன மூக்கு என்று தன்னையே சபித்துக்கொண்டாள். பின்னால் அண்ணி வந்து நின்றது தெரிந்தது. திட்டுவாள், திட்டட்டும், ஒன்பது சொல்லும் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

"நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் செஞ்சேன் மூக்கி," என்றாள் அண்ணி. "ரெண்டு தடவை கழுவினேன்."