மாடிக்கு வந்த பணம்

1958 கோடையில் பினாங்கிலிருந்து தைரியநாதன் தன் மனைவி ஜெபமாலையம்மாளுக்கு ஒரு மின்விசிறி அனுப்பினான். ஆவூருக்குப் பக்கத்திலிருந்த அவர்கள் ஊரில் அப்போது மின்சாரம் கிடையாது. மாடி கட்டி அதில் விசிறியை மாட்டு என்று மாதாமாதம் பணமும் அனுப்பினான்.

அதுவரை இங்கே இருக்கட்டும் என்று அவள் விசிறியைக் கூடத்து உத்தரத்தில் தொங்கவிட்டாள். வெயில் ஏறியதும் ஊரார் வந்து அதன் கீழே உட்கார்ந்தார்கள்.

"சிலுசிலுன்னு இருக்குல்ல?" என்றார் பக்கத்து வீட்டு ரெங்கசாமி.

"சுத்த ஆரம்பிக்கல, அதுக்குள்ள இப்புடி!" என்றார் இன்னொருவர்.

நேர் கீழே யார் உட்காருவது என்று அடிதடி வந்தது. ரெங்கசாமிக்குச் சளி பிடித்தது. காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, "காத்தக் கொஞ்சம் கொறைச்சு வைம்மா" என்றார்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. இதைச் சுற்றவைத்தே தீருவது என்று பஸ் ஏறி மின்சார ஆபீசுக்குப் போனாள்.

"ஒத்த ஃபேனுக்காக அம்புட்டுத் தூரம் கம்பம் நட முடியாதும்மா" என்றார் அதிகாரி. "கிணறு வெட்டி மோட்டார் வைக்கிறதா இருந்தாச் சொல்லுங்க, லைன் இழுக்கலாம்."

"விசிறிக்கு எதுக்குங்க கிணறு?"

"விசிறிக்கு வேணாம். லைனுக்கு வேணும்."

தரிசாகக் கிடந்த புஞ்சையில் கிணறு வெட்டினாள். மாடிக்கு வந்த பணமெல்லாம் பாறைக்கு வெடி வைப்பதில் போனது. விசிறி சுற்றுவதற்காக ஒருத்தி பூமியைத் தோண்டுகிறாளாமே என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு அங்கேயே கூலி வேலை கிடைத்தது. தண்ணீர் கண்டது. கம்பம் வந்தது. மோட்டார் ஓடியது. முதலில் கடலை போட்டாள், பிறகு நெல். மிஞ்சிய தண்ணீர் ரெங்கசாமியின் கொல்லைக்கும் பாய்ந்தது. விசிறியும் சுற்றத்தான் செய்தது. கீழே உட்கார ஆள் இல்லை. எல்லோரும் வயலில் இருந்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்துத் தைரியநாதன் கோட்டும் சப்பாத்துமாக வந்து இறங்கினான். வீட்டை அண்ணாந்து பார்த்தான். பழைய ஓடுதான். வீடும் பூட்டியிருந்தது. விசாரித்துக்கொண்டு வயலுக்கு வந்தான்.

"மாடி எங்கடி?"

"கீழ இருக்குங்க" என்று கிணற்றைக் காட்டினாள்.

எட்டிப் பார்த்தவனுக்குத் தலை சுற்றியது. "அம்புட்டுப் பணமும் இதுக்குள்ளயா?"

"ஆமாங்க. திட்டுறத அப்பறம் திட்டுங்க. மடை ஒடைஞ்சு தண்ணி ரோட்டுக்குப் போகுது, மம்பட்டியப் பிடிங்க."

கத்தவேண்டும் போலிருந்தது அவனுக்கு. அதற்குள் சப்பாத்துக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. கழற்றி வரப்பில் வைத்தான். கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, கோட்டோடு சேற்றில் இறங்கி மண்ணை வெட்டிப் போட்டான்.

"இங்கிட்டு இல்லங்க," என்று சத்தம் போட்டாள் ஜெபமாலையம்மாள், "அங்கிட்டு!"