சிவப்பு மையில் பதினோராம் பெயர்

போரில் மூழ்கிய சரக்குக் கப்பல்களின் மாலுமிகளுக்கு நினைவுக்கல் உருவாகிக்கொண்டிருந்த பட்டறையை, முன்னாள் கப்பல் சமையல்காரர் அன்று காலைக்குள் ஐந்து முறை சுற்றி வந்துவிட்டார். வலையில் தன் நிழலை விட்டுவிட்டுத் தப்பிய நரிக்கு எந்தக் காட்டில்தான் இருப்புக்கொள்ளும்? அவருக்கும் கால் தரையில் பாவவில்லை.

"பெரியவரே, கல்லுக்கு மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா? ஒண்ணு உக்காருங்க, இல்ல கெளம்புங்க. எனக்குத் தலை சுத்துது," என்றார் கல்தச்சர். பெயர்களையெல்லாம் சிவப்பு மையால் எழுதிவிட்டு, உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். மையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிடலாம். உளி பட்டால் பட்டதுதான்.

"அந்தப் பதினோராவது பேரு... அது நான்தான்."

"பேய்க்கு இவ்வளவு இருமல் வருமா, பெரியவரே?"

சமையல்காரர் சிரிக்கவில்லை. நாற்பது ஆண்டுகளாக நெஞ்சை அடைத்துக் கிடந்ததைச் சொன்னார். கப்பல் புறப்பட்ட நாளில் அவருக்குக் கடுங்காய்ச்சல். வேலை கைநழுவக் கூடாதென்று, அவருடைய மாலுமிப் புத்தகத்தைக் காட்டித் தங்கையின் கணவர் ஏறினார். பயப்படுவாள் என்று தங்கையிடமும் இருவரும் மூச்சுவிடவில்லை. மூன்றாம் வாரம், தாம் இறந்துவிட்டதாக வந்த தந்தியைத் தாமே கையெழுத்திட்டு வாங்கி அடுப்பில் போட்டார் சமையல்காரர். ஆள்மாறாட்டத்துக்குச் சிறை என்ற பயம். தங்கையோ, கணவன் தன்னைக் கைவிட்டு ஓடிவிட்டான் என்றே நம்பினாள்.

"உங்க வாய்ச்சொல்லுக்குப் பேரை மாத்த முடியாதுங்க. அந்தம்மா வந்து சொல்லட்டும். உளி பதினோராவது பேருக்கு வர மத்தியானம் ஆகும். அதுக்கு மேல என் கையில இல்ல."

தங்கை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்றபடியே அவர் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்.

"என் கையால சாப்பிட்டுக்கிட்டே, 'ஓடிப்போனவனை நெனச்சு அழாதே'ன்னு சொன்னியே, அண்ணா," என்றாள் அவள். பெட்டிக்கடியில் சட்டை கருகியது.

பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அண்ணனுக்கு முன்னால் நடந்தாள். பட்டறையில், கல்தச்சர் எடுத்த மண்ணெண்ணெய்த் துணியை வாங்கி அண்ணன் கையில் திணித்தாள்.

"உன் பேரை நீயே தொடை."

துடைத்தார். அழுத்தித் தேய்த்ததில் பத்தாம் பெயரின் கடைசி எழுத்தும் கலைந்தது. கல்தச்சர் முணுமுணுத்துக்கொண்டே அதைச் சரிசெய்து, கீழே தங்கை கணவரின் பெயரை எழுதினார். அவள் அதை எழுத்தெழுத்தாகப் படித்துத் தலையசைத்தாள். உளி இறங்கியது.

"நான் வீட்டுக்குப் போகட்டுமாம்மா?"

"முழுசா முடியட்டும். அங்கயே நில்லு."

கால் பரபரத்தது. நின்றார்.