கூந்தல் தைலமும் கஸ்தூரியின் படமும்

பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்கு எதிரே கட்டியிருந்த தைல விளம்பரத்தில் தன் கணவர் பால்ராஜைக் கண்டதும் கஸ்தூரிக்குக் கண் சிவந்தது. இடப்பக்கம், 'பூசும் முன்': வழுக்கைத் தலையோடு இன்றைய பால்ராஜ். வலப்பக்கம், 'பூசிய பின்': அலையலையாய் முடி புரள, ஆவடி குவார்ட்டர்ஸ் வாசலில் சிரிக்கும் அன்றைய பால்ராஜ்! பொய் ஒருபுறம் கிடக்கட்டும். அந்தச் சிரிப்பைப் படம் பிடித்தவள் யார்? மணமான மறு ஆண்டு, அண்ணனிடம் கேமராவை இரவல் வாங்கி வந்த கஸ்தூரி அல்லவா!

வீட்டுக்கு வந்து வெடித்தாள்.

"யாரைக் கேட்டுய்யா படத்தைக் குடுத்தே?"

"தைலக் கடை நிர்மல் கேட்டான், குடுத்தேன். என் மூஞ்சியக் குடுக்க நான் யாரைக் கேக்கணும்?"

"என்னைக் கேக்கணும்!"

"நீ பட்டனைத்தானே அமுக்கினே!"

அமுக்கிய விரலுக்கு மதிப்பில்லையா? மேல்வீட்டு வழக்கறிஞர் சபீனாவிடம் நியாயம் கேட்டாள்.

"மூஞ்சி அவருது, படம் உங்களுது அக்கா. காசு குடுத்து எடுக்கச் சொல்லியிருந்தா வேற கதை. நீங்களா ஆசைப்பட்டு எடுத்ததுக்குப் பதிப்புரிமை உங்களுக்குத்தான்."

"நான் எங்கயும் பதிவு பண்ணலியே?"

"எடுத்த நிமிஷமே உரிமை வந்துடுச்சு. பதிவு கட்டாயமில்ல, வழக்குன்னு வந்தா சாட்சிக்கு உதவும். வேணும்னா பண்ணிடலாம்."

மறுநாள் காலை, கணவரையும் இழுத்துக்கொண்டு, விளம்பரத்துக்குக் கீழேயே இருந்த தைலக் கடை வாசலில் நின்றாள் கஸ்தூரி.

நிர்மல் நெளிந்தான். "நீங்க எடுத்தீங்கன்றதுக்கு இன்னாக்கா சாட்சி?"

அவள் விளம்பரத்தை அண்ணாந்து பார்த்தாள். வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு எடுத்த முதல் படம் அது. பால்ராஜின் காலடியில் ஒரு நிழல்: இறக்கைபோல் விரிந்த இரு முழங்கைகள், தோளுக்கு வெளியே துள்ளிய ஒற்றைப் பின்னல். படத்தைக் கெடுத்த நிழல் என்று காலமெல்லாம் கேலிக்கு ஆளான நிழல்!

நடுத்தெருவில் வெயிலுக்கு முதுகைக் காட்டி, கேமரா பிடிப்பதுபோல் முழங்கைகளை விரித்து நின்றாள்; தரையில் அதே நிழல். "பாரு, நல்லாப் பாரு!"

பூக்காரிகள் கைதட்டினார்கள். பால்ராஜுக்கே சிரிப்பு தாங்கவில்லை. "அவதான்பா! அந்த நெழலுக்காக எத்தினி வாட்டி திட்டிகீறேன்!"

"சரிக்கா, அனுமதியாவது குடுங்க."

"தாராளமா. கீழ 'படம்: கஸ்தூரி'ன்னு போடு. அப்பால, முன்னையும் பின்னையும் உள்ளபடி மாத்து. முடியோட இருந்தவரு முன்னே, இப்ப இருக்கறவரு பின்னே."

பூசினால் வழுக்கை விழும் தைலத்தை எவன் வாங்குவான்? நிர்மல் தானே ஏணி போட்டு ஏறிக் கயிற்றை அவிழ்த்தான்.

"போச்சா என் புகழு! அந்த பேனரையாவது குடுடா, என் வண்டிய மூடிக்கிறேன்," என்றார் பால்ராஜ்.

"இரு," என்றாள் கஸ்தூரி. கடையிலிருந்த மார்க்கரை எடுத்தாள். குனிந்து, அந்த நிழலின் மேல் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

"இப்ப மூடிக்கோ."